எந்த ரைட்டு?

அத்தியாயம் 11

தையல் மெஷின் டிராயருக்குள், பாபின்களுக்கு அடியில், நாலாக மடித்து வைத்திருந்த எல்.எல்.ஆர். காகிதம் போன வாரம் அன்சாரின் கையில் சிக்கியது அல்லவா? அவர் என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்று ஏழு நாளாகக் காத்திருந்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம். அவர் ஒன்றும் ஆடவில்லை.

கத்துவார் என்றுதான் அவர் மனைவி அசீனாவும் நினைத்தாள். 'எம்ப்ராய்டரி கிளாஸ்னு சொல்லிட்டு அஞ்சு மாசமா கார் ஓட்டவா போன?' என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தாள். அவரோ காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த அவளுடைய போட்டோவைப் பார்த்தார். "போட்டோல எதுக்கு இம்புட்டு முறைப்பு?" என்று மட்டும் கேட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

"அத்தா கத்தலைன்னா என்னம்மா அர்த்தம்?" என்றாள் மகள் ஷிஃபா.

"தெரியலையேட்டி. அதான் பயமா இருக்கு."

ஷிஃபாவுக்குப் பதினைந்து வயது. குண்டு எறிகிறவள். மூன்று கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்து, ஒரு சுற்றுச் சுற்றி அவள் வீசினால் விழுகிற இடத்தில் மண் தெறிக்கும். மாநிலப் போட்டிக்கான பயிற்சி முகாம் திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்குகிறது. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெயரை அடித்துவிடுவேன் என்று பயிற்சியாளர் விஜயபாண்டி சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

ஆனால் இவர்கள் இருக்கிற செட்டியார்பட்டித் தெருவுக்கு முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான் வரும். அன்சாரோ தனியார் பஸ் கண்டக்டர். மூன்றே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ராஜபாளையத்தில் வண்டி ஏறி, தென்காசிப் பக்கம் போய்விடுவார். "இருட்டோட வயசுப்பிள்ளைய யாரு கொண்டுபோய் விடுதது?" என்று ஆறு மாசத்துக்கு முன்னால் அவர் கேட்ட கேள்விக்குத்தான் அசீனா, "நான் விடுதேன்" என்றாள்; எதில் என்று சொல்லவில்லை. அதிலிருந்து வந்த வினைதான் எல்லாம்.

கார் இருக்கிறது. சவூதியில் இருக்கும் அசீனாவின் அண்ணன் சேக் முகைதீன் விட்டுவிட்டுப் போன பழைய ஆல்ட்டோ. லைசென்ஸ்தான் இல்லை. எல்.எல்.ஆரின் ஆயுள் இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. இன்று வியாழன். இன்றைய டெஸ்டில் கோட்டை விட்டால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். அதற்குள் எல்.எல்.ஆர். செத்துப்போகும். முதலிலிருந்து மனுப்போட வேண்டும். ஷிஃபாவின் முகாம் அதுவரை காத்திருக்காது.

கத்தாத அன்சார் வேறொன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்னால் உள்ள பொட்டலில், டிரைவிங் ஸ்கூல் மாரிச்செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசீனா ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது, பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து காரின் பின்கதவைத் திறந்தார். ஏறி உட்கார்ந்தார். கதவை அடித்துச் சாத்தினார்.

"ரைட்" என்றார்.

இருபத்து நாலு வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அவர் சொல்கிற சொல். அசீனாவின் கால் தானாகக் கிளட்சை விட்டது. அதுவரை தவளை மாதிரித் தாவித் தாவிக் கிளம்பிய ஆல்ட்டோ, அன்றைக்குப் பால் பொங்கி வருகிற மாதிரி நகர்ந்தது. மாரிச்செல்விக்கே ஆச்சரியம்.

"அண்ணே, அஞ்சு மாசமா எனக்கு வராத வித்தை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. அவ வீட்டுலயும் அப்படித்தான். ரைட்டுன்னா குக்கர அமத்துவா, ரைட்டுன்னா லைட்ட அமத்துவா."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். டூட்டி முடிந்து வந்து நாலு நாளும் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் 'ரைட்' என்றார், அவள் போனாள். 'ஹோல்டான்' என்றார், அவள் நின்றாள். திருப்பங்களை எல்லாம் மாரிச்செல்வி பார்த்துக்கொண்டாள். அவள் மண்ணின் மகள். வலதுக்கு "அக்கா, சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க", இடதுக்கு "நொட்டாங்கைப் பக்கம் ஒடிங்க" என்பாள். இதில் ஒரு பள்ளம் இருந்ததை மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. சொல்கிற நானும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை, அன்சார் வழக்கம்போல இருட்டோடு போய்விட்டார். அசீனா மகளுக்காக மாம்பழத்தைத் துண்டு போட்டு டிபன் டப்பாவில் அடைத்தாள். வைகாசி வெயில் ஏறுவதற்குள் ராஜபாளையத்தில் மாம்பழ வாடை ஏறிவிடுகிற காலம் அது.

"அத்தாவுக்கு எடுத்து வைக்கலையா?"

"அவிய என்னைக்கு மாம்பழம் தின்னாவ?"

இந்த வீட்டில் விடை தெரியாத கேள்விகள் இரண்டு உண்டு. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன் மாம்பழத்தைக் கையால் தொடாதது ஏன்? வாழ்நாளில் பாதியைப் பஸ்ஸிலேயே கழித்தவர் ஒரு கார் லைசென்ஸ்கூட எடுக்காதது ஏன்? பைக் லைசென்ஸோடு சரி. முதல் கேள்விக்கு 'சூடு' என்பார். இரண்டாவது கேள்விக்கு 'எனக்கெதுக்கு, அதான் ஜெயபாண்டி ஓட்டுதான்ல' என்பார். ஜெயபாண்டி அவருடைய பஸ்ஸின் டிரைவர். கேட்டுக் கேட்டு அசீனாவும் விட்டுவிட்டாள். ஷிஃபா மட்டும் விடவில்லை. வயசு அப்படி.

எட்டேகாலுக்குக் கிளம்பினார்கள். முன்னால் அசீனாவும் மாரிச்செல்வியும், பின்னால் ஷிஃபா. டெஸ்ட் முடிந்ததும் மைதானத்துக்குப் போய்ச் செத்த நேரம் எறிந்து பார்க்கலாம் என்று ஷிஃபா தன் குண்டையும் எடுத்து வந்திருந்தாள். அதைத் துண்டில் சுற்றி, மாரிச்செல்வி உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தாள். அதைப் பற்றி அப்புறம் யாரும் நினைக்கவில்லை.

ராஜபாளையத்தைத் தாண்டியதும் ரோட்டோரம் மாம்பழக் கூடைகள் வரிசையாக இருந்தன. இடப்பக்கம் மலை. அசீனா ஸ்டீரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஏர்ஹாரன் அலறியது. கண்ணாடியில் ஊதா நிறத்தில் ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அம்மா, அத்தா வண்டி!"

பஸ் பக்கவாட்டில் வந்தது. பின்படியில் காக்கிச் சட்டையோடு அன்சார் தொங்கிக்கொண்டிருந்தார். தென்காசி நடை முடிந்து, இப்போது சிவகாசி நடை. ஆல்ட்டோவைப் பார்த்தவர் முகமெல்லாம் பல்லாகி, பஸ்ஸின் தகட்டை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்! ரைட்! ரைட்!" என்று கத்தினார். அது ஜெயபாண்டிக்கு அல்ல, அசீனாவுக்கு. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அசீனாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, உடம்பில் பத்து ஆள் பலம் வந்த மாதிரியும் இருந்தது. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தது.

"அக்கா, மெதுவா. நாப்பதுல போங்க" என்றாள் மாரிச்செல்வி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் ஒன்பதரைக்கே கூட்டம். ஒரு பக்கம் கல்லூரிப் பையன்கள் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காலை ஊன்றிவிட்டான். சுற்றி நின்றவர்கள் 'ச்சூ' கொட்டினார்கள். பட்டாளத்துக்குப் போகிறவனாம், லைசென்ஸ் இருந்தால் நல்லது என்று வந்தவனாம். அந்த உயரமான உருவம் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளிப் போனதைப் பார்த்த அசீனா கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பால்ச்சாமி வந்தார். ஒரு சொல்லுக்கு மேல் பேசினால் அரசாங்கத்துக்கு நஷ்டம் என்று நினைக்கிற ரகம். அட்டையில் காகிதங்களைச் சொருகியிருந்தார்.

"பேரு?"

"அசீனா சார்."

"போன்?"

நம்பர் சொல்ல வாயெடுத்தாள். மாரிச்செல்வி அவளுடைய கையிலிருந்த போனைப் பிடுங்கி ஷிஃபாவிடம் கொடுத்தாள். "வண்டிக்குள்ள போன் ஆகாதுக்கா."

இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அசீனா பெல்ட்டைப் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். 'பிஸ்மில்லா' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஸ்டார்ட்."

ரிவர்ஸ் எடுத்தாள். கம்பத்தில் படவில்லை. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஒரு விரல்கூடப் பின்னால் வழியவில்லை. பால்ச்சாமியின் புருவம் அரை அங்குலம் உயர்ந்தது. அவர் கணக்கில் அது பெரிய பாராட்டு.

"ரோட்டுக்கு" என்றார்.

இது இங்கே நடந்துகொண்டிருக்கட்டும். பஸ்ஸுக்குப் போய்விட்டு வருவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின முக்கில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு, ஊதா பஸ் இப்போதுதான் ஊர்ந்து முன்னால் வந்தது. நடுரோட்டில் நின்ற போலீஸ்காரர், "ரைட்! ரைட்ல போ!" என்று கையைக் காட்டினார். அதே நேரம், இறங்க வேண்டியவர்கள் இறங்கி முடித்ததும் பின்படியிலிருந்து அன்சாரும் "ரைட்!" என்றார்.

ஜெயபாண்டி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். "எந்த ரைட்டுய்யா? போலீஸ் ரைட்டா, உன் ரைட்டா?"

பஸ்ஸே சிரித்தது. அன்சாரும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

எத்தனையோ வருஷமாக அவர் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு காலைப்பொழுது, இதே ஊரில், இதே வைகாசியில் நடந்தது, நெஞ்சுக்குள் வந்து இடித்தது. பின்னாலேயே நாலு நாளாக ஆல்ட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து தான் சொன்ன ரைட்டெல்லாம் வரிசை கட்டி வந்தன. அதெல்லாம் போதாதென்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ரோட்டில் கத்திய மூன்று ரைட்.

"அட என் ரப்பே" என்று போனை எடுத்தார்.

மைதானத்தின் வாசலில் நின்றிருந்த ஷிஃபாவின் கையில் அம்மாவின் போன் அதிர்ந்தது.

"அம்மா எங்கட்டி?"

"டெஸ்டு நடக்குத்தா! சூப்பரா ரிவர்ஸ் எடுத்துட்டா! இந்தா ரோட்டுக்குப் போறா."

"ஓடு! ஓடிப்போய்ச் சொல்லு, ரைட்டுன்னா ரைட்டுன்னு!"

"என்னத்தா? ரைட்டுன்னா ரைட்டுதானே?"

"ஏட்டி, அது இல்ல! ரைட்டுன்னா போறது இல்ல, ரைட்டு! சோத்தாங்கைப் பக்கம்!"

ஷிஃபாவுக்குப் பாதி புரிந்தது. ஓடினாள். ஆல்ட்டோ வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கையை வாயருகே குவித்துக்கொண்டு, குண்டு எறிகிற நெஞ்சின் முழுப் பலத்தோடு கத்தினாள்.

"அம்மாஆஆ! ரைட்டூஊஊ!"

அசீனா கண்ணாடியில் பார்த்தாள். மகள் உற்சாகமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். கெட்ட நேரம் என்றால் இப்படித்தான் வரும், உதவிக்கு வருகிற மாதிரி.

முதல் முக்கு. "லெஃப்ட்" என்றார் பால்ச்சாமி. சிக்னல் போட்டாள், கண்ணாடி பார்த்தாள், திரும்பினாள். லெஃப்ட்டுக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

அடுத்த முக்கு. வலதில் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட். நேரே போனால் ராஜபாளையம் ரோடு.

"ரைட்."

போகச் சொல்கிறார். அசீனா இரு பக்கமும் பார்த்தாள். ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டாள். நேரே போனாள்.

"ரைட்" என்றார் அவர் மறுபடியும், சற்று அழுத்தி.

இன்னும் விரட்டச் சொல்கிறார் போலிருக்கிறது. மூன்றாவது கியருக்கு மாற்றினாள்.

"ரைட்டும்மா! ரைட்டு!"

"போய்க்கிட்டுத்தானே சார் இருக்கேன்? இதுக்கு மேல போனா ஊருக்குள்ள ஸ்பீடாயிரும் சார்."

"நிறுத்தும்மா!"

கண்ணாடியைப் பார்த்து, இடது சிக்னல் போட்டு, ஓரம் கட்டி நிறுத்தினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் வண்டி நின்ற வேகத்தில் சீட்டுக்கு அடியில் கிடந்த துண்டிலிருந்து ஏதோ நழுவி, கடகடவென்று உருண்டு வந்து இன்ஸ்பெக்டரின் கருப்பு பூட்ஸில் முட்டி நின்றது.

பால்ச்சாமி குனிந்து பார்த்தார். "இது என்னது?"

"குண்டு சார்."

அவர் இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கினார். "குண்டா!"

"எறியுற குண்டு சார்!"

சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசமாகக் கேட்கிறது என்று அசீனாவுக்கு உறைத்தது. அவர் கை கதவின் பிடிக்குப் போய்விட்டது.

"ஐயோ, எம்மகளோடது சார்! ஸ்போர்ட்ஸு! திங்கக்கிழமை கேம்ப்பு. காலைல அஞ்சரைக்கு இங்க கொண்டாந்து விடணும். பஸ்ஸு இல்ல. அதுக்குத்தான் சார் லைசென்ஸே."

அவர் மெதுவாகக் காலைக் கீழே இறக்கினார். குண்டை எடுத்துக் கையில் எடை பார்த்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"ரைட்டுன்னிய சார்."

"அப்ப ஏன் திரும்பல?"

அசீனா விழித்தாள். "ரைட்டுன்னா... போன்னுதானே சார்?"

பால்ச்சாமி மடியிலிருந்த குண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் என்ன வேலை?"

"கண்டக்டர் சார்."

பால்ச்சாமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது போலத் தெரிந்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று அசீனாவுக்குத் தெரியவில்லை. தான் செய்தது என்ன என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

திரும்பி வரும் வழியில் அவர் சுத்தமான தமிழுக்கு மாறிவிட்டார். "வலது", "இடது", "வலது." எல்லாவற்றுக்கும் சரியாகத் திரும்பினாள். மைதானத்துக்கு வந்ததும் இறங்கினார். குண்டைச் சீட்டில் வைத்தார். காகிதத்தோடு உள்ளே போய்விட்டார்.

அசீனா காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடந்ததைக் கேட்ட மாரிச்செல்வி தலையில் கையை வைத்தாள்.

"நான் ஒரு தடவையாவது ரைட்டுன்னு சொல்லிக் குடுத்திருக்கணும்க்கா."

"எனக்குத் தெரியாததா செல்வி? பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஆனா காதுல விழுந்ததும் காலு அதா போகுது. பதினெட்டு வருஷமா அந்தச் சொல்லுக்கு எனக்கு அதான் அர்த்தம்." அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "எம்புள்ள கேம்ப்ப நானே கெடுத்துட்டேன்."

ஷிஃபா காருக்குள் குனிந்தாள். குண்டை எடுத்துத் துண்டால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அதைப் பார்க்க அசீனாவால் முடியவில்லை.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அன்சார். காக்கிச் சட்டை நனைந்திருந்தது. தோளில் எப்போதும் தொங்கும் தோல்பையைக் காணோம்.

"நேரே போயிட்டியா?" என்றார் வந்ததும் வராததுமாக.

அசீனா நிமிர்ந்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." அவர் மகளைப் பார்த்தார், மாரிச்செல்வியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நானும் நேராத்தான் போனேன்."

"எப்ப?"

"நம்ம கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி. முதலாளி லைசென்ஸ் எடுத்துட்டு வா, டிரைவராக்குதேன்னாரு. இதே ஊருதான். பக்கத்துல உக்காந்த இன்ஸ்பெக்டரு ரைட்டுன்னாரு. நான் போனேன். மறுபடியும் ரைட்டுன்னாரு. நான் மிதிச்சேன். அவரு கத்தக் கத்த நான் விரட்டுனேன்." சட்டைப் பட்டனைத் திருகினார். "ரோட்டோரத்துல மாம்பழக் கூடை அடுக்கியிருந்துச்சு."

ஷிஃபாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அத்தா! அதான் நீங்க மாம்பழம்..."

"ஆறு கூடை. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஒரு வருஷம் ஸ்டாண்டுல எம்பேரு மாம்பழ டிரைவரு. அந்த வாடை வந்தாலே காதுல அந்தச் சிரிப்புத்தான் கேக்கும்."

மாரிச்செல்வி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஷிஃபா அடக்கவே இல்லை. அசீனாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. சும்மா இல்லை, நல்ல கோபம்.

"இதை எங்கிட்ட ஒரு நாள் சொல்லியிருந்தா நான் இன்னைக்கு நேரே போயிருப்பேனா?"

"சொல்லணும்னு தோணாம இல்ல. மாப்பிள்ளை மாம்பழக் கூடையில வண்டிய விட்டவன்னு தெரிஞ்சா உங்க அத்தா பொண்ணு குடுப்பாரான்னு முதல்ல பயம். பொறவு வெக்கம். பொறவு அப்படியே விட்டுப்போச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "உன்னோட எம்ப்ராய்டரி கிளாஸ் மாதிரிதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று, ஆளுக்கொரு ரகசியத்தை ஒளித்து வைத்த இரண்டு பேர்.

"பஸ்ஸை எங்க விட்டிய?" என்றாள் கடைசியில்.

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது. "அசீனா!"

நாலு பேரும் போனார்கள். பால்ச்சாமி மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. காகிதத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி, சொன்னார்.

"ரைட்."

அசீனா அசையவில்லை. போகச் சொல்கிறாரா? வலது பக்கம் இருக்கிற ஜன்னலுக்குப் போகச் சொல்கிறாரா? இனிமேல் அந்தச் சொல்லை நம்ப அவள் தயாராக இல்லை.

"எந்த ரைட்டு சார்?"

பால்ச்சாமி நிமிர்ந்தார். இந்தத் தடவை சிரிப்பை மறைக்க ஜன்னல் கிடைக்கவில்லை.

"சரின்னு அர்த்தம்மா. பாஸ்."

ஷிஃபா துள்ளிய துள்ளலில் மேஜை ஆடியது. அசீனாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் அன்றைய தேதியில் தன் மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"வழி மாறிப் போறது தப்பு இல்ல. கண்ணாடி பாத்தியா, சிக்னல் போட்டியா, சைக்கிளுக்கு நின்னியா, அதான் எனக்கு வேணும். மூணும் செஞ்ச. ஆனா அந்தக் குண்டு என் பக்கம் உருண்டுச்சு, சரி. உன் பக்கம் உருண்டு பிரேக்குக்கு அடியில போயிருந்தா? அதுக்குத்தான் பெயில் போடலாமான்னு செத்த நேரம் யோசிச்சேன். இனிமே டிக்கில வை."

"வச்சிருதேன் சார்."

அவர் பார்வை காக்கிச் சட்டைக்குப் போனது. "நீங்கதான் அந்த ரைட்டா?"

"ஆமா சார்" என்றார் அன்சார், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

வெளியே வந்து குண்டை முதல் வேலையாக டிக்கியில் வைத்தார்கள். லைசென்ஸ் கைக்கு வருகிறவரை எல்-போர்டு இருக்கட்டும் என்று மாரிச்செல்வி முன்சீட்டில் ஏறினாள். அன்சாரும் ஷிஃபாவும் பின்னால். ஷிஃபா டிபன் டப்பாவைத் திறந்தாள். கார் முழுக்க மாம்பழ வாடை. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"இப்பவுமா அத்தா?"

அவர் வாங்கினார். வாய் வரை கொண்டுபோனார். அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அமத்தினார். மறுபடி அதிர்ந்தது. ஷிஃபா எட்டிப் பார்த்தாள். திரையில் 'முதலாளி' என்று இருந்தது. அதற்குக் கீழே, எடுக்காத அழைப்புகள் ஒன்பது.

"அத்தா, பஸ் எங்க இருக்கு?"

"ஸ்டாண்டுல. பையை ஜெயபாண்டிகிட்ட குடுத்துட்டு இறங்கிட்டேன். கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்க முடியாது. ஐம்பது பேரோட நிக்கி."

கண்ணாடியில் அசீனாவின் கண்கள் அவரைப் பார்த்தன. காய்ச்சலிலும் நடையை விடாத மனுஷன். நடுவழியில் வண்டியை விட்டு இறங்குகிறவனுக்கு அந்த முதலாளியிடம் மறுநாள் வேலை இருக்காது என்பது ஊருக்கே தெரியும்.

"எனக்காகவா இறங்கினிய?"

அவர் மாம்பழத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

கார் அதே முக்குக்கு வந்து நின்றது. நேரே போனால் ராஜபாளையம் ரோடு, வீடு. வலதில் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட். அங்கே ஐம்பது பேரோடு நிற்கிற ஊதா நிற பஸ். முதலாளியும் வந்து நின்றுகொண்டிருக்கலாம்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"எங்க போகட்டும்?" என்றாள் அசீனா.

அன்சார் திரையிலிருந்த பெயரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவர் விரலைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"ரைட்."

அசீனா எந்த ரைட்டு என்று கேட்கவில்லை. வலது சிக்னலைப் போட்டாள்.